அடுப்பில்லாத சிற்றுண்டி: பழமும் கொட்டை வெண்ணெயும்

பழத்தோடு கொட்டை வெண்ணெயைச் சேர்த்துச் சாப்பிடுவதற்கு ஒரு செய்முறை வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆப்பிளை நறுக்கி, வேர்க்கடலை வெண்ணெயைத் தடவினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் தடவிய ஐந்தாம் நிமிடத்தில் வெண்ணெய் வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்குவதையும், துண்டின் ஓரம் பழுப்பேறுவதையும், உருட்டி வைத்த உருண்டை மறுநாள் தளர்ந்து தட்டையாகிவிடுவதையும் பார்த்தவர்களுக்கு இதிலும் ஒரு பக்குவம் உண்டு என்பது தெரிந்திருக்கும். அந்தப் பக்குவத்தில் பெரும்பகுதி ஈரத்தைக் கையாள்வதுதான். ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதமும் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 75 சதவீதமும் நீர். வேர்க்கடலை வெண்ணெயில் நீர் மிகமிகக் குறைவு, எடையில் பாதி எண்ணெய். ஒட்டாத இந்த இரண்டையும் ஒட்ட வைப்பதற்கான வழிகளையே கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் வெண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புட்டியின் பின்புறத்தில் உட்பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். கொட்டையும் உப்பும் மட்டுமே இருந்தால், மேலே எண்ணெய் பிரிந்து மிதக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. எண்ணெய் பிரியாமல் கட்டியாக நிற்கும் வகைகளில், அறை வெப்பத்தில் உறைந்திருக்கும் கொழுப்பைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். பெரும்பாலும் சர்க்கரையும் இருக்கும். பழத்தில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால், சர்க்கரை சேராத வெண்ணெயே இவ்வகைச் சிற்றுண்டிக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பிரிந்த எண்ணெயை மட்டும் வடித்துக் கொட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் புட்டியின் அடியில் எஞ்சுவது கரண்டி இறங்காத காய்ந்த கட்டியாகத்தான் இருக்கும். புட்டியை முதல் நாள் இரவே தலைகீழாக நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல ஊடுருவி நகர்ந்திருக்கும். மறுநாள் ஒரு நீளமான கத்தியால் அடிவரை கிளறினால் எளிதில் கலந்துவிடும். கலந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மீண்டும் பிரிவது பெரிதும் மட்டுப்படும்.

வீட்டிலேயே அரைக்க விரும்புபவர்கள், வறுத்துத் தோல் நீக்கி விற்கப்படும் வேர்க்கடலையை வாங்கிக்கொண்டால் அடுப்பைத் தொட வேண்டியதில்லை. இரண்டு கப் கடலை அரைத்தால் ஏறக்குறைய ஒரு கப் வெண்ணெய் கிடைக்கும். மிக்ஸியில் முதலில் அது பொடியாகும். அடுத்து ஈரமணல் போல ஓரங்களில் அப்பிக்கொண்டு அசையாமல் நிற்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமையிழந்து தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். ஓரங்களை வழித்துவிட்டு, இயந்திரம் சூடேறாதபடி இடையிடையே ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஓட்டினால், கடலையிலுள்ள எண்ணெய் கசிந்து, கட்டி உருண்டையாகத் திரண்டு, பிறகு திடீரென்று இளகிப் பளபளப்பாக ஓடத் தொடங்கும். பாதாமுக்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கும். கசப்பேறிய, சுருங்கிய, பூஞ்சை படிந்த கொட்டைகளை அரைப்பதற்கு முன்பே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுவதுமாக நீங்காது.

இனி ஆப்பிள். நீளத் துண்டுகளைவிட வட்ட வில்லைகளே நல்லவை, ஏனெனில் தட்டையான பரப்பில் வெண்ணெய் நிற்கும். கழுவித் துடைத்த ஆப்பிளைக் கிடைமட்டமாக அரை சென்டிமீட்டர் தடிமனில் அறுத்து, நடுவிலுள்ள விதைப்பகுதியைச் சிறு மூடியாலோ கத்தி முனையாலோ எடுத்துவிடுங்கள். அறுத்த பரப்பு காற்றுப் பட்டதும், பழத்திலுள்ள நொதி ஒன்று ஆக்சிஜனுடன் சேர்ந்து அதைப் பழுப்பாக்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு தடவினால் இது தடைபடும். ஆனால் புளிப்பு கடலையின் சுவையோடு மோதும். எனக்குப் பிடித்தது உப்புநீர்: ஒரு கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வில்லைகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் ஒரு முறை அலசிவிட்டால், உப்புச் சுவை தங்காமல் நிறம் சில மணி நேரம் காக்கப்படும்.

அலசிய பிறகு செய்யும் வேலைதான் இதில் முக்கியமானது. வில்லைகளை ஒரு சுத்தமான துணியின் மேல் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு, உள்ளங்கையால் மெல்ல ஒற்றி எடுங்கள். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. தோலைத் தொடுவது போன்ற சற்றே சொரசொரப்பான உணர்வு கிடைக்க வேண்டும். அப்போது தடவும் வெண்ணெய் பழத்தைப் பற்றிக்கொள்ளும். குளிர்ந்து இறுகிய வெண்ணெயைத் தடவ முயன்றால் வில்லை உடையும். தடவுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்துவிடுங்கள். தடவியதன் மேல் உலர் திராட்சையோ, பொடித்த பாதாமோ, எள்ளோ தூவி லேசாக அழுத்தினால் கடிக்கும்போது உதிராது. பேரிக்காய்க்கும் இதே முறைதான். தர்ப்பூசணி, ஆரஞ்சு போன்று சாறு வழியும் பழங்களில் எவ்வளவு ஒற்றியெடுத்தாலும் பயனில்லை. அவற்றை இந்த வேலைக்கு எடுக்காமல் விட்டுவிடலாம்.

வாழைப்பழத்தின் ஈரத்தை உறையவைத்துத்தான் அடக்க முடியும். தோலில் ஓரிரு கரும்புள்ளிகள் விழுந்த, ஆனால் கையில் குழையாத பழத்தை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, இரண்டு துண்டுகளுக்கு நடுவே அரைத் தேக்கரண்டி வெண்ணெய் வைத்து மூடி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்கி, உறைவிப்பானில் இரண்டு மணி நேரம் வையுங்கள். நன்றாக உறைந்த பிறகே டப்பாவுக்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாகிவிடும். எடுத்ததும் கடிக்காமல் மூன்று நான்கு நிமிடம் பொறுத்திருந்தால், வாழைப்பழம் ஐஸ்கிரீம் போல் குழைந்துவரும்.

பேரீச்சம்பழத்தில் இத்தனை கெடுபிடி கிடையாது. அதில் நீர் குறைவு என்பதால் வெண்ணெயோடு உடனே இணங்கிப்போகும். ஒரு பக்கம் கீறி, கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் வெண்ணெயை நிரப்பி, இரண்டு மூன்று உப்புக் கற்களை மேலே வைத்தால் போதும். அந்த உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெறும் இனிப்பு திகட்டும்.

உருண்டைகளுக்கு வருவோம். கொட்டை நீக்கிய பேரீச்சை ஒரு கப், தட்டையாக்கிய ஓட்ஸ் ஒரு கப், வெண்ணெய் அரை கப், சியா விதை ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை ஏறக்குறைய பதினெட்டு உருண்டைகளுக்குக் காணும். ஓட்ஸ் தயாரிக்கும்போதே ஆவியில் பதப்படுத்தப்படுவதால் அப்படியே சாப்பிடலாம்; ஆனால் அதற்கு மாற்றாகக் கோதுமை மாவைப் பச்சையாகச் சேர்க்கக்கூடாது, அதில் நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. பேரீச்சை காய்ந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து எடுத்து, முதலில் அதை மட்டும் விழுதாக அரைத்து, பிறகு மற்றவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். ஒரு முறை கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று ஊறவைத்த நீரில் இரண்டு கரண்டி ஊற்றினேன். இளகுவதற்குப் பதிலாக அது களிமண்ணாக இறுகிப்போனது. கொட்டை வெண்ணெயில் சிறிதளவு நீர் விழுந்தால், எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த நுண்துகள்கள் அந்த நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். ஆகவே இறுக்கமாக இருந்தால் இன்னொரு கரண்டி வெண்ணெயும், தளர்வாக இருந்தால் ஒரு கைப்பிடி ஓட்ஸும் சேர்க்க வேண்டும். பிசைந்ததை அரை மணி நேரம் குளிரவைத்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு உருட்டினால் கையில் ஒட்டாது. மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும்.

அதே நீரை இன்னும் தாராளமாக, சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே போனால், இறுகிய வெண்ணெய் மீண்டும் இளகி, நிறம் வெளுத்து, வழவழப்பான குழம்பாகும். பழத்துண்டுகளைத் தொட்டுச் சாப்பிட இது ஏற்றது. நீருக்குப் பதிலாகத் தயிர் சேர்த்தால் லேசான புளிப்போடு இன்னும் நன்றாக இருக்கும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயில் ஏறக்குறைய 190 கலோரியும் 7 கிராம் புரதமும் உண்டு. ஒரு நடுத்தர ஆப்பிளுக்கு 95 கலோரி. குவித்து அள்ளும் கரண்டியில் இந்தக் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

பிறருக்குப் பரிமாறும்போது, அவர்களுக்குக் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள். இருந்தால் சூரியகாந்தி விதை வெண்ணெயைப் பயன்படுத்தலாம், ஆனால் கத்தியும் தட்டும் கொட்டை படாதவையாக இருக்க வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகளையோ கரண்டி நிறையக் கெட்டியான வெண்ணெயையோ தரக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பழத்தின் மேல் மெல்லியதாகத் தடவிக் கொடுப்பதே பாதுகாப்பு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. வீட்டில் நாய் இருந்தால், சைலிட்டால் சேர்த்த வெண்ணெயை அதன் வாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்த இனிப்பூட்டி நாய்களுக்குக் கொடிய நஞ்சு.

வெளியே எடுத்துச் செல்வதாக இருந்தால் வில்லைகளில் முன்கூட்டியே தடவாதீர்கள். ஒற்றியெடுத்த வில்லைகளை ஒரு டப்பாவிலும் வெண்ணெயைச் சிறு கிண்ணத்திலும் தனித்தனியே எடுத்துச்சென்று, சாப்பிடும் இடத்தில் தடவிக்கொள்ளுங்கள். நறுக்கிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்ச்சியின்றி இருக்க நேருமென்றால், பழத்தையும் முழுதாகவே கொண்டுபோய் அங்கேயே அறுத்துக்கொள்வது நல்லது.