மருமகள் பிறந்தநாளுக்குப் போகும் தாய்மாமன் கவனத்துக்கு

எனக்கு மூன்று அக்கா. பிள்ளைகள் மொத்தம் ஏழு. விருதுநகர், திருமங்கலம், மதுரை என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு பிறந்தநாளுக்குப் பஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். அதிலும் முதல் பிறந்தநாள் என்றால் சொந்தம் மொத்தமும் கூடும், எல்லார் கண்ணும் தாய்மாமன் கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் இருக்கும்.

தங்கம் போடுவதாக இருந்தால் மோதிரம் வேண்டாம். மூத்த மருமகனுக்கு அரை கிராமில் ஒன்று போட்டேன். பந்தி முடிவதற்குள் காணோம். விழுங்கிவிட்டானோ என்று அக்கா அழ, கடைசியில் ஜமுக்காளத்தை உதறும்போது கிடைத்தது. இப்போதெல்லாம் காசாக வாங்கி அக்கா கையில் கொடுத்துவிடுகிறேன். துணி எடுத்தால் ஒரு சைஸ் பெரியதாக எடுங்கள். பொம்மை என்றால் பட்டன் பேட்டரி போட்டது கூடவே கூடாது, பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பத்திரிகையில் ஆறு மணி என்று இருக்கும். மச்சானின் பெரியப்பா வராமல் கேக் வெட்ட மாட்டார்கள், அவர் ஏழே முக்காலுக்கு வருவார். அதனால் மதியமே அக்காவுக்குப் போன் போட்டு, "பிள்ளை தூங்குச்சா?" என்று கேளுங்கள். தூங்காத பிள்ளை என்றால் கேக் வெட்டும் நேரத்தில் வீறிடும், சொல்லிவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் நேராகப் பிள்ளையிடம் ஓடாதீர்கள். முதலில் அக்காவின் மாமியாரிடம் போய், "நல்லா இருக்கீங்களா அத்தை?" அப்புறம் அவர் தங்கச்சிகள். யார் முதலில் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதெல்லாம் அங்கே நினைவில் இருக்கும். அதற்கான பேச்சை அடுத்த தீபாவளிக்கு அக்காதான் வாங்குவாள். பிள்ளையிடம் போகும்போது கையை நீட்டித் தூக்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை உருட்டிவிடுங்கள். அதுவே தவழ்ந்து வரும்.

கேக் வெட்டும்போதுதான் உங்களுக்கு நிஜமான வேலை. விளக்கை அணைத்து, எல்லாரும் கைதட்டிக் கத்தி, யாராவது பலூனை வேறு உடைத்தால் எந்தப் பிள்ளைதான் அழாது? பலூனையும் ஸ்னோ ஸ்ப்ரே டப்பாவையும் பெரிய பையன்களிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். அந்த நுரையைத் தள்ளும் வாயு பெரும்பாலும் தீப்பிடிக்கக்கூடியது. மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் குப்பென்று பற்றும். ஒரு தடவை நான் வாங்காமல் விட்டு, என் வலது புருவம் பாதி கருகியது. போட்டோவிலும் இருக்கிறது. உடைந்த பலூன் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஊட்டும் படலம். தாத்தா, அப்பத்தா, சித்தி என்று ஆளுக்கு ஒரு விள்ளல். இரண்டாவது மருமகள் பதினோராவது ஆளின் சட்டையில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். நான்கு பேரோடு நிறுத்தி, மற்றவர்களை வாய்க்கருகே கேக்கைப் பிடித்துப் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்கா சொன்னால் சண்டை. தாய்மாமன் சிரித்துக்கொண்டே சொன்னால் கேட்பார்கள்.

பந்தி ஆரம்பித்ததும் சாம்பார் வாளியைக் கையில் எடுத்துவிடுங்கள். "சம்பளம் எவ்வளவு?", "பொண்ணு பாக்குறாங்களா?" என்று கேட்பவர்களுக்கு, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா பெரியப்பா?" என்று சொல்லி அடுத்த இலைக்கு நகர்ந்துவிடலாம். மொய் எழுதுவதாக இருந்தால் கவரில் பெயரோடு ஊரையும் எழுதுங்கள். எங்கள் சொந்தத்தில் முருகன் மட்டும் ஆறு பேர்.

கிளம்பும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்காது, தோளில் தூங்கும் பிள்ளையோடு அவள் பாத்திரக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலையை ஆட்டிவிட்டு, ஊருக்குத் தனியாகப் போகும் பெரியம்மாவைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து.