சம்பள மென்பொருளில் ஈ.பி.எஃப். கழிவை அமைப்பது

ஈ.பி.எஃப். என்பது இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி. முதலில் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் எடுத்த தொழில்தருநர் (முதலாளி) இலக்கத்தை நிறுவன விவரத்தில் பதியுங்கள். பிறகு மூன்று தலைப்புகளைத் திறக்கவும்: ஊழியரிடம் கழிப்பது 8%, முதலாளி போடுவது 12%, ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3%. கடைசி இரண்டும் முதலாளியின் செலவு. அவற்றைக் கழிவுப் பக்கத்தில் போட்டால் ஊழியரின் கைக்காசு குறைந்துவிடும்.

பிழை அதிகம் வருவது, இந்த வீதங்களைக் கணக்கிடும் அடிப்படைத் தொகையில்தான். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ‘ஈ.பி.எஃப். உண்டு / இல்லை’ என்ற தெரிவு இருக்கும். வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி, கொமிசன் எல்லாம் உண்டு, ஓவர்டைம் இல்லை. கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் அடிப்படைச் சம்பளம் 40,000, சாப்பாட்டுப் படி 5,000, ஓவர்டைம் 6,000 ரூபா என்று வையுங்கள். கணக்கு 45,000க்கு: கழிவு 3,600, முதலாளி 5,400, ஈ.ரி.எஃப். 1,350. சம்பளமில்லா லீவுக்கு 1,500 வெட்டினால் அடிப்படைத் தொகை 43,500, கழிவு 3,480. மென்பொருள் அப்போதும் 3,600 காட்டினால், லீவை வெட்டும் முன்பே கணக்கிடுகிறது, வரிசையை மாற்றுங்கள்.

தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. ‘நிரந்தரமானபின் தொடங்கு’ என்ற தெரிவை அணைத்துவிடுங்கள், எத்தனை முதலாளிமார் கேட்டாலும்.

அடையாள அட்டை இலக்கமும் உறுப்பினர் இலக்கமும் பிழைத்தால் காசு உரியவர் கணக்கில் சேராது. பணம் அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் போகவேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் 5% இலிருந்து 50% வரை ஏறும். 50 பேருக்கு மேல் என்றால் விவரத்தை இலத்திரனியல் கோப்பாகவே அனுப்பவேண்டும்.