குளிர் குறைவான ஊர்லயும் இலை கலர் மாறும்: எங்க தேடணும், எப்ப போகணும்

பனியே பெய்யாத, குளிரும் பெருசா இல்லாத ஏரியால இருக்கிற நிறைய பேர் "இங்கெல்லாம் இலை கலர் மாறாது"ன்னு முடிவே பண்ணிட்டாங்க, ஒண்ணு எங்கயோ தூரமா டிக்கெட் போடறாங்க, இல்லன்னா அந்த ஆசையையே விட்டுடறாங்க. மாறும்ங்க, நல்லாவே மாறும். ஆனா மலை முழுக்க ஒரே வாரத்துல மாறாது. ஒரு ஓடைக்கரை, ஒரு பழைய தெரு, ஏதோ ஒரு தோட்டத்தோட ஒரு மூலை, சில சமயம் ஒத்தை மரம், அப்படித் துண்டு துண்டாத்தான் மாறும். அதனால காட்டைத் தேடாதீங்க, மரத்தைத் தேடுங்க. எந்த மரம், எங்க நிக்குது, எந்த மாசம் மாறும்னு தெரிஞ்சிட்டா அரை நாள்ல பாத்துட்டு வர்ற மாதிரி இடம் பக்கத்துலயே கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

ஏன் மாறுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா எங்க போறது எப்ப போறதுங்கறதெல்லாம் இதுலேர்ந்துதான் வருது. பகல் நேரம் குறைய ஆரம்பிச்சதும் மரம் இலையில இருக்கிற பச்சையத்தை உடைச்சு, இலையில உள்ள நைட்ரஜன் மாதிரி சத்தையெல்லாம் உள்ள இழுத்துக்கும், பச்சை போனதும் அடியில ஏற்கனவே இருந்த கரோட்டினாய்டுங்கற நிறமி வெளிய தெரியும், அதுதான் மஞ்சளும் ஆரஞ்சும். சிவப்பு வேற கதை. அது ஆந்தோசயனின்னு வேற ஒரு நிறமி, நிறைய மரங்கள்ல அந்த நேரத்துலதான் புதுசா உருவாகும், இலையில தங்கிப்போன சர்க்கரையில இருந்து. அதுக்குப் பகல்ல நல்ல வெயில் வேணும், ராத்திரி நல்லா குளிரணும், ஆனா உறைபனி விழக்கூடாது. இதனாலதான் மிதமான கிளைமேட்ல மஞ்சள் ஓரளவு நம்பகமா வரும், சிவப்பு வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒரே மரத்துலயே வெயில் படற பக்கம் சிவந்து நிழல் பக்கம் மஞ்சளாவே நிக்கறதும் உண்டு. ராத்திரி குளிர் லேட்டா வர்றதால சீசனும் லேட்டாத்தான் வரும், ஆனா சட்டுனு முடியாம இழுக்கும், அது நமக்கு லாபம்.

குளிர் எங்க தேங்குதுன்னு பாருங்க

முதல் வழி உயரம். மேல போகப் போக 1000 மீட்டருக்கு சுமாரா 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், அதனால கீழ டீஷர்ட் போட்டுட்டு இருக்கிற அதே நாள்ல சில மணி நேர டிரைவ்ல மேல சீசன் உச்சத்துல இருக்கலாம். கலிஃபோர்னியா இதுக்கு நல்ல உதாரணம். கடற்கரை ஓரத்துல செப்டம்பர் கடைசியில ஒண்ணுமே நடக்காது, ஆனா சியரா நெவாடா மலைத்தொடரோட கிழக்குப் பக்கம் பிஷப் க்ரீக் கிட்ட லேக் சப்ரினா, நார்த் லேக் மாதிரி 2700 மீட்டர் தாண்டின இடங்கள்ல ஆஸ்பென் மரமெல்லாம் அப்பவே மஞ்சளாகியிருக்கும், அப்புறம் அந்தக் கலர் மெல்ல கீழ இறங்கி அக்டோபர் நடுவுல ஜூன் லேக் பக்கம் வந்து சேரும். மேல மிஸ் பண்ணவங்க அப்படியே கீழ இறங்கி வந்து பிடிச்சுக்கலாம்.

ரெண்டாவது வழியை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல, அது பள்ளம். ராத்திரி குளிர்ந்த காத்து கனமாகி சரிவுல வழிஞ்சு பள்ளத்தாக்கு அடியில போய் உக்காந்துக்கும், அதனால மலைச்சரிவை விட ஓடை ஓடற பள்ளத்துல ராத்திரி இன்னும் குளிரா இருக்கும். அங்க தண்ணியும் இருக்கும், அதுதான் இன்னொரு முக்கியமான விஷயம், வறண்ட கோடை உள்ள ஏரியால தண்ணி இல்லாத மரம் கலருக்குக் காத்திருக்காது, பழுப்பாகிக் கொட்டிடும். கலிஃபோர்னியா பக்ஐ மரம் கோடையிலயே இலையை உதிர்த்துடும், அதைப் பாத்துட்டு சீசன் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஓடையோரத்துல காட்டன்வுட், வில்லோ, சிக்கமோர், பெரிய இலை மேப்பிள் இருந்தா அங்கதான் உங்க இடம்.

டெக்சஸ்ல லாஸ்ட் மேப்பிள்ஸ்னு ஒரு ஸ்டேட் நேச்சுரல் ஏரியா இருக்கு, இந்தப் பள்ளம் விஷயத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது. சுத்தி வெயில் காயற சுண்ணாம்புக்கல் மலை, நடுவுல சபினல் ஆத்துப் பள்ளத்தாக்கு, அதுக்குள்ள பிக்டூத் மேப்பிள் கூட்டம், வெளிய இருக்கிற சூட்டுல நிக்க முடியாத மரம் அந்தப் பள்ளத்தோட நிழல்லயும் ஈரத்துலயும் தங்கி நிக்குது. அக்டோபர் கடைசியில இருந்து நவம்பர் நடு வரை பாக்கலாம். வார இறுதியில சீக்கிரமே ஃபுல் ஆயிடும், முன்னாடியே ரிசர்வ் பண்ணிட்டுப் போங்க, முடிஞ்சா செவ்வாய் புதன் மாதிரி நாள்ல போங்க.

ஊருக்குள்ளயே தேடறது எப்படி

மலைக்குப் போக நேரமில்லன்னா வருத்தப்படாதீங்க, மிதமான ஊர்ல காட்டை விட ஊருக்குள்ளதான் பல சமயம் கலர் அதிகம். காரணம் சிம்பிள், காட்டுல அந்த ஏரியா மரம்தான் இருக்கும், அதுல நிறைய பசுமை மாறாத ஓக், பைன்னு இருக்கும். ஊருக்குள்ள உலகம் பூரா இருந்து கொண்டுவந்து நட்ட மரம் இருக்கும், அதுலயும் நல்லா கலர் வரும்னு தெரிஞ்சே நட்டது நிறைய.

லிக்விடாம்பர் மரத்தை முதல்ல அடையாளம் கத்துக்கங்க, நட்சத்திரம் மாதிரி இலை, முள்ளு முள்ளா உருண்டைக் காய். பெரிய குளிர் இல்லாட்டியும் சிவப்பு, ஊதா, மஞ்சள் எல்லாம் தர்ற மரம் இது, ஒரே வரிசையில பக்கத்துப் பக்கத்து மரம் வேற வேற கலர்ல நிக்கும். இதுலயே பர்கண்டின்னு ஒரு ரகம் இலையைக் குளிர்காலம் வரை பிடிச்சு வச்சிருக்கும். அடுத்தது சைனீஸ் பிஸ்டாச், சூட்டையும் வறட்சியையும் தாங்கிட்டு அப்படியும் ஆரஞ்சு சிவப்புன்னு கொழுந்துவிட்டு எரியும், வெயில் ஊர்க்காரங்களுக்கு இதைவிட நம்பகமான மரம் இல்லன்னுதான் நான் சொல்லுவேன். பார்க்கிங் லாட்லயும் ரோட்டு நடு டிவைடர்லயும் கூட இதை நிறைய நட்டிருப்பாங்க, அதனால அழகான இடத்துலதான் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. கேலரி பேர் மரம் ரொம்ப லேட்டா கருஞ்சிவப்பாகும். க்ரேப் மிர்ட்டில் சின்ன மரம்தான், ஆனா ஆரஞ்சு நல்லா வரும்.

ஜின்கோ பத்தித் தனியா சொல்லணும். கலப்படமே இல்லாத மஞ்சள், விசிறி மாதிரி இலை, குளிர் ராத்திரி ஒண்ணு நல்லா அடிச்சா ஒரே நாள்ல மொத்த இலையையும் கொட்டிடவும் செய்யும். அதனால ஜின்கோ மஞ்சளாகிடுச்சுன்னு தெரிஞ்சா அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீங்க, அன்னைக்கே வேலை முடிஞ்சதும் போயிருங்க. கொட்டின மறுநாளும் போகலாம், தரை முழுக்க மஞ்சளா கிடக்கும், எனக்கு மரத்துல இருக்கிறதை விட அதுதான் இன்னும் பிடிக்கும். பெண் மரமா இருந்தா கீழ விழுற பழம் மாதிரியான விதை ரொம்ப நாறும், மிதிச்சுட்டு அப்படியே கார்ல ஏறிடாதீங்க.

இதெல்லாம் எங்க இருக்கும்னா பழைய குடியிருப்புத் தெருக்கள், யுனிவர்சிட்டி வளாகம், பழைய கல்லறைத் தோட்டம், பொட்டானிக்கல் கார்டன், ஜப்பானிய தோட்டம். புது லேஅவுட்ல மரம் சின்னதா இருக்கும், பழைய பகுதிக்குப் போங்க. ஜப்பானிய தோட்டம் இருந்தா அது கிட்டத்தட்ட உறுதி, ஜப்பானிய மேப்பிள் இல்லாம அப்படி ஒரு தோட்டம் அமைக்கறது அபூர்வம், கலிஃபோர்னியாவுல சாரடோகா ஊர்ல இருக்கிற ஹக்கோனே கார்டன்ஸ் மாதிரி. நிறைய நகராட்சிகள் தெரு மரக் கணக்கை ஆன்லைன் மேப்பா போட்டிருக்காங்க, மரம் பேரைப் போட்டுத் தேடினா எந்தத் தெருவுல எத்தனை நிக்குதுன்னே வந்துடும், இதைப் பயன்படுத்தறவங்க ரொம்பக் கம்மி.

எல்லாரும் விட்டுடற ரெண்டு மூணு இடம்

ஊசியிலை மரத்துலயும் இலை உதிர்க்கறது இருக்கு. பால்ட் சைப்ரஸ் சதுப்புத் தண்ணியில நின்னுட்டு துருப்பிடிச்ச இரும்புக் கலருக்கு மாறும், டெக்சஸ் லூசியானா எல்லையில இருக்கிற கேடோ லேக்ல நவம்பர்ல இதைப் படகுல போய்ப் பாக்கலாம், அவ்வளவு தெற்கே அப்படி ஒரு காட்சி கிடைக்கறது பெரிய விஷயம். டான் ரெட்வுட் இன்னொண்ணு, ஃபாசிலா மட்டும் தெரிஞ்சிருந்த இந்த மரத்தை 1940களில் சீனாவுல உயிரோட கண்டுபிடிச்சாங்க, 1948ல அதோட விதைகளைப் பல நாட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பினாங்க, அதனால பக்கத்து பொட்டானிக்கல் கார்டன்ல ஒண்ணு இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

அப்புறம் திராட்சைத் தோட்டம். அறுவடை முடிஞ்சப்புறம் போங்க. போர்ச்சுகல்ல டோரோ பள்ளத்தாக்கு, கலிஃபோர்னியாவுல நாபா, சொனோமா எல்லாம் அக்டோபர் நவம்பர்ல மலைச்சரிவு முழுக்க வரிவரியா மஞ்சளா இருக்கும். நடுவுல ரத்தச் சிவப்பா சில கொடி தெரிஞ்சா அது பல சமயம் இலைச்சுருள் வைரஸ் பிடிச்சதா இருக்கும், பாக்க அழகு, விவசாயிக்குக் கவலை. ரோட்ல இருந்தே பாருங்க, வரிசைக்குள்ள இறங்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. வட அமெரிக்க மேற்குக் கரை மலைப்பாதைகள்ல எல்லாத்துக்கும் முன்னாடி, கோடையிலயே அழகா சிவக்கறது பாய்ஸன் ஓக். மூணு மூணு இலையா இருக்கும். தொட்டா அதுல இருக்கிற எண்ணெய் பட்டு பல பேருக்கு நாள் கணக்கா அரிப்பும் கொப்புளமும் வரும், உதிர்ந்த இலையும் இலையில்லாத குச்சியும் கூட அதே வேலையைச் செய்யும். குழந்தைங்க சிவப்பு இலை பொறுக்க ஓடறதுக்கு முன்னாடி இதைக் காட்டிக் கொடுத்துடுங்க.

எப்ப போறது

வடக்கு அரைக்கோளத்துல உயரமான மலைன்னா செப்டம்பர் கடைசி, நடுத்தர உயரப் பள்ளத்தாக்குன்னா அக்டோபர் நடுவுல இருந்து, கடலோர ஊருக்குள்ள நவம்பர் முழுக்க, டிசம்பர் முதல் வாரம் வரை. ஜப்பான்லயே பாருங்க, வடக்குல ஹொக்கைடோவுல சீக்கிரமே ஆரம்பிச்சு, கியோட்டோவுக்கு நவம்பர் கடைசியிலதான் வரும், டோக்கியோ மெய்ஜி ஜிங்கு கையென் ஜின்கோ சாலைக்கும் நவம்பர் கடைசி டிசம்பர் ஆரம்பம்தான் சரியான நேரம். அங்க வானிலைத் துறையே ஜின்கோவுக்கும் மேப்பிளுக்கும் மாதிரி மரம் வச்சு எப்ப மாறுதுன்னு பதிவு பண்றாங்க. நீங்களும் அதையே சின்ன அளவுல பண்ணலாம், பிடிச்ச மரத்தை ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க, தேதி தானா பதிவாகியிருக்கும், அடுத்த வருஷமும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும்.

புது இடம்னா, பாத்த செடி மரங்களை மக்கள் ஃபோட்டோவோட பதிவு பண்ற ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல மரம் பேர், இடம், மாசம் போட்டு முந்தின வருஷ ஃபோட்டோக்களைப் பாருங்க, சோஷியல் மீடியா படங்களை நம்பறதை விட இது பரவாயில்ல, அங்க கலரை ஏத்திப் போடறாங்க, தேதியும் சரியா இருக்காது. மேப்ஸ்ல அந்தப் பார்க்கோட ரிவ்யூவைப் புதுசுலேர்ந்து வரிசைப்படுத்தினாலும் போன வாரம் எப்படி இருந்துச்சுன்னு தெரியும். வானிலையில ரெண்டு விஷயம் பாருங்க: தொடர்ந்து சில குளிர் ராத்திரி வந்திருக்கா, அடுத்து பலமான காத்து மழை வருதா. முதல்லது வந்தப்புறம், ரெண்டாவது வர்றதுக்கு முன்னாடி போயிடணும்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சூரியன் மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்க, வெளிச்சம் இலையை ஊடுருவி வரும்போதுதான் கலர் முழுசா தெரியும், அதே மரத்தை வெயில் நம்ம முதுகுல படற மாதிரி நின்னு பாத்தா சுமாராத்தான் இருக்கும். ஆழமான பள்ளத்துல வெயில் லேட்டா வந்து சீக்கிரம் போயிடும், அங்க காலை 10 மணிக்கு மேல மதியம் 2 மணிக்குள்ள போங்க. மேகமூட்டமான நாள், அதுவும் மழை விட்ட உடனே, ஜப்பானிய மேப்பிளுக்கு ரொம்ப நல்லது. கிளையைப் பிடிச்சு உலுக்கி இலை கொட்ட வச்சு வீடியோ எடுக்கறது தயவுசெஞ்சு வேண்டாம், உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஆஸ்பென் பட்டையில பேர் கீறுறதும் அதே மாதிரிதான், அந்தக் காயம் வழியா நோய் புகுந்து மரமே சாகலாம். பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள்ல இலை எடுக்கவே கூடாதுன்னு விதி இருக்கலாம், போர்டைப் படிச்சுக்கங்க.

இந்த வருஷம் லேட் ஆயிடுச்சா? டிசம்பர்லயும் கடலோர ஊர்த் தெருக்கள்ல கேலரி பேரும் லிக்விடாம்பரும் கலரோட நிக்கும், அதுல தொடங்குங்க. அதுவும் போயிடுச்சுன்னா தெற்கு அரைக்கோளத்துல ஏப்ரல் மே மாசம் திரும்ப சீசன் வருது, ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்து பிரைட், ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் மவுண்ட் வில்சன், நியூசிலாந்துல ஆரோடவுன். டாஸ்மேனியாவுல ஃபேகஸ்னு அந்தத் தீவுல மட்டும் வளர்ற சின்ன மரம் ஒண்ணு ஏப்ரல் கடைசியில மஞ்சளும் செம்புக் கலருமா மாறும், மவுண்ட் ஃபீல்டும் கிரேடில் மவுண்டனும்தான் அதைப் பாக்கற இடம், மலைமேல குளிரும் காத்தும் பலமா இருக்கும், மழைக்கோட்டும் நல்ல ஷூவும் இல்லாம ஏறாதீங்க.