கைதட்டிய இடத்தைக் குறித்து வையுங்கள்: சினிமாவை விசுவாசத்தோடு பார்க்கப் பழகுவது

சபை வாலிபர் கூட்டத்தில் முதன்முதலாகப் படம் போட்ட அன்று நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினேன். "இதைக் கவனியுங்கள், இது கிருபைக்கு அடையாளம்" என்று ஒரு வசனத்தையும் வாசித்தேன். ஐந்தாவது தடவை நிறுத்தியபோது பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, படம் முடியட்டும். அப்புறம் பிரசங்கம் பண்ணுங்க, உட்கார்ந்து கேக்குறோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். வீட்டுக்குப் போன பிறகுதான் அவன் சொன்னது சரி என்று பட்டது.

ஆகவே முதலில் படத்தைப் படமாகவே பாருங்கள். பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அப்படித்தான் செய்தார். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கிருந்த சிலைகளைக் கண்டு அவருக்குள் கொதிப்பு. ஆனாலும் ஒரு பலிபீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கும் அளவுக்கு நின்று பார்த்திருக்கிறார். பிறகு மார்ஸ் மேடையில் பேசும்போது அவர்களுடைய புலவர் ஒருவரின் வரியையே எடுத்துச் சொன்னார். அது அராட்டஸ் என்ற கவிஞர் கிரேக்கர்களின் சியுஸ் தெய்வத்தைப் பாடிய வரி. வேறு தெய்வத்தைப் பாடியது என்பதற்காகப் பவுல் அதை ஒதுக்கவில்லை.

சினிமாவே ஆகாது என்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்களோடு சண்டை போட வேண்டாம். போப் பதினோராம் பயஸ் 1936இல் சினிமாவைப் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதி எச்சரித்தார். 1995இல், சினிமா பிறந்து நூறாண்டு ஆனதையொட்டி, அதே வாடிகன் 45 நல்ல படங்களின் பட்டியலை வெளியிட்டது. எச்சரிக்கைக்கும் நியாயம் உண்டு, பட்டியலுக்கும் உண்டு.

படம் முடிந்ததும் உடனே "என்ன பாடம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லாரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் போல 'அன்பு', 'மன்னிப்பு' என்று ஒப்பிப்பார்கள். நான் ஆளுக்கொரு தாள் கொடுத்து ஐந்து நிமிடம் விடுகிறேன். கண்ணை விட்டுப் போகாத காட்சி எது, படம் யாரைக் கண்டுகொள்ளாமல் விட்டது, நான் எந்த இடத்தில் கைதட்டினேன் என்று எழுதச் சொல்வேன்.

மூன்றில் கைதட்டல் கேள்விதான் ஆளைப் பிடிக்கும். ஒரு பழிவாங்கும் படம் பார்த்துவிட்டு என் தாளில் நான் எழுதியது: "வில்லன் உயிருக்குக் கெஞ்சியபோது." மறுநாள் காலை ஆராதனையில் மத்தேயு 5ஆம் அதிகாரத்தை வாசிக்கும் முறை என்னுடையது. சத்துருக்களைச் சிநேகிக்கச் சொல்லும் இடம் வந்ததும் குரல் தடுக்கியது. படத்தை எடுத்தவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். கைதட்டியது நான்தானே?

அடுத்து, இயேசுவைத் தேடி வேட்டைக்குக் கிளம்பாதீர்கள். கதாநாயகன் கையை விரித்து நின்றாலே "சிலுவை!" என்று ஒருவர் கத்துவார். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) படத்தில் இதைப் பார்த்தேன். (பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.)

செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருக்கும் ஆண்டி, சாக்கடைக் குழாய் வழியே தப்பி, கொட்டும் மழையில் கையை விரித்து நிற்கிறான். ஞானஸ்நானம், உயிர்த்தெழுதல் என்று எங்கள் கூட்டத்தில் ஒரே பேச்சு. அந்தக் காட்சி அழகுதான். ஆனால் ஆண்டி குற்றமற்றவன். உண்மையாகவே கொலை செய்தவன் அவன் நண்பன் ரெட். இருபது வருடம் கழிந்ததும், முப்பது வருடம் கழிந்ததும் ரெட் விடுதலைக் குழுவின் முன் உட்கார்ந்து, நான் திருந்திவிட்டேன் என்று அவர்கள் கேட்க விரும்புவதையே சொல்கிறான். இரண்டு தடவையும் மறுப்பு. நாற்பதாவது வருடம் பசப்பு வார்த்தை எதுவும் இல்லை. அன்று அந்தக் குற்றத்தைச் செய்த பையனிடம் பேச முடிந்தால் தேவலை, முடியாது என்கிறான். விடுவித்தால் விடுவி, இல்லாவிட்டால் போ என்கிறான். அப்போதுதான் விடுதலை முத்திரை விழுகிறது. லூக்கா 18இல் 'பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனுக்குப் (வரி வசூலிப்பவனுக்குப்) பக்கத்தில் நான் ரெட்டைத்தான் உட்காரவைப்பேன். மழை இல்லை, இசை இல்லை, ஒரு மேசையும் நாற்காலியும்தான்.

அதே படத்தில் சிறை அதிகாரி வேத வசனம் பேசிக்கொண்டே கொடுமை செய்வான். ஆண்டி சுவரைக் குடைந்த சுத்தியலோ வேதாகமத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதற்காகத் தாள்களை வெட்டிய இடம் யாத்திராகமம் தொடங்கும் பக்கம். அடிமைகள் எகிப்தை விட்டுப் புறப்படும் புத்தகம்! இப்படிப்பட்ட அதிகாரியைக் காட்டினால் "நம்மைக் கேவலப்படுத்துகிறார்கள்" என்று கொந்தளிப்பவர்கள் உண்டு. பரிசேயரைப் பற்றி இயேசு சொன்னதை விடவா கடுமையாகச் சொல்லிவிட்டார்கள்? இந்த இடத்தில் வாதாடாமல் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

பேச்சைத் தொடங்க "இதில் இயேசு எங்கே?" என்பதை விட வேறு கேள்வி நல்லது. யாருக்கு மன்னிப்பு தேவைப்படுகிறது? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? ஒருவருமே கொடுக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். படம் சொல்வதை ஏற்க முடியாத இடத்தில் "இங்கே நான் ஒத்துப்போகவில்லை" என்று சொல்வதும் விசுவாசம்தான்.

மற்றபடி சில்லறை விஷயங்கள்: பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். படத்தை முன்கூட்டியே முழுதாகப் பார்த்துவிடுங்கள். சமீபத்தில் ஒரு சாவைக் கண்ட குடும்பம் கூட்டத்தில் இருந்தால் எந்தக் காட்சி அவர்களைக் குத்தும் என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஏதாவது கிடைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போக மட்டுமே சில படங்கள்.

போன தடவை 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) போட்டோம். வாடிகன் பட்டியலில் உள்ளதுதான். வேலைக்குத் தேவையான சைக்கிளைத் திருட்டுக் கொடுத்த அப்பா, கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடி மாட்டிக்கொள்கிறார். கூட இருக்கும் சின்ன மகனைப் பார்த்துவிட்டு உரிமையாளர் அவரை விட்டுவிடுகிறார். மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். எல்லாரும் மன்னிப்பைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா கேட்டார்: "சரி, மன்னிச்சாச்சு. நாளைக்கு அந்தக் குடும்பம் எதை வச்சுச் சாப்பிடும்?"

ஒரு வசனத்தோடு வாயெடுத்தேன். பின்வரிசைத் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிவு ஜெபத்தை அந்த அக்காவையே செய்யச் சொன்னேன்.