மோட்டார் ஷட்டரின் இரைச்சலைக் குறைப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்திற்கு மோட்டார் பொருத்திய ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். காசிமேட்டு மீன் ஏலத்திற்குப் புறப்படும் என் அண்ணன் விடியற்காலை 3 மணிக்கு அதைத் திறக்கும்போதெல்லாம், மாடியில் குடியிருப்பவர்களின் கைக்குழந்தை வீறிட்டு எழுந்துவிடும். பார்க்க வந்த மெக்கானிக் மோட்டாரையே மாற்றச் சொன்னார். மாற்றாமலேயே சத்தம் பெருமளவு அடங்கியது. ஏனென்றால் அது மோட்டாரின் சத்தமே அல்ல. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கான ஒலி அளவை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் 45 டெசிபல் என வரையறுத்துள்ளன. சுவரோடு சுவர் ஒட்டிய வடசென்னைத் தெருக்களில் ஒரு வீட்டு ஷட்டரின் அதிர்வு மூன்று வீடுகளுக்குக் கேட்கும் என்பதால், இதைச் சிறிய விஷயமாக நான் நினைப்பதில்லை.

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டறியுங்கள். மின்சாரம் இல்லாதபோது பயன்படுத்துவதற்காகப் பக்கவாட்டு மோட்டாரில் கைச்சங்கிலி ஒன்று தொங்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தச் சங்கிலியை இழுத்து ஷட்டரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதே இடத்தில் அதே கிறீச்சொலி வந்தால், குறை ஷட்டரிலும், அது ஏறி இறங்கும் இரு பக்கத் தடங்களான சேனலிலும்தான் இருக்கிறது. மோட்டாரில் ஓட்டும்போது மட்டும் சுவர் அதிர்ந்தால், மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எந்த போல்ட்டின் அருகே அதிர்வு கூடுதலாகத் தெரிகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.

எங்கள் பகுதியில் பெரும்பாலான சத்தத்திற்குச் சேனல்தான் காரணம். கடற்காற்றின் உப்பு தகட்டுப் பட்டைகளின் ஓரங்களைத் துருவாக்குகிறது. துறைமுகச் சாலையின் லாரிப் புழுதி அதன்மேல் படிகிறது. இதற்கு மருந்தாக நாங்கள் பல மாதங்கள் கிரீஸைத் தடவி வந்ததுதான் பெரிய தவறு. ஒரு நாள் பழைய துணியைக் குச்சியில் சுற்றிச் சேனலுக்குள் விட்டு இழுத்தபோது, மை போன்ற கறுப்புக் களிம்பு திரண்டு வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் நறநறத்தது. சேனலில் கிரீஸ் ஒருபோதும் வேண்டாம். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தெடுத்து, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சிலிக்கான் ஸ்பிரேயை மெல்லிய படலமாக அடியுங்கள். அது புழுதியை அவ்வளவாக ஈர்க்காது. டபிள்யூடி-40 துருவை இளக்கும். ஆனால் அதன் வழுவழுப்பு நெடுநாள் நிற்காது. சேனலின் உட்புறம் நைலான் பட்டை ஒட்டினால் தகரத்தோடு தகரம் உரசும் ஓசையும் குறையும்.

கிரீஸுக்கு உரிய இடம் மோட்டார் சங்கிலி; அதாவது கைச்சங்கிலி அல்ல, மோட்டாரிலிருந்து ஷட்டர் உருளையைச் சுழற்றும் சங்கிலி. அதைத் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸை அளவாகத் தடவுங்கள். மின்சாரத்தை அணைத்த பிறகு நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தளர வேண்டும்; அதைவிடத் தொய்ந்தால் சங்கிலி அடித்துக்கொள்ளும், விறைப்பாக இருந்தால் பேரிங் தேயும்.

அடுத்தது சுவர். மோட்டாரைத் தாங்கும் தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் கனமான ரப்பர் அட்டை வைக்க வேண்டும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். போல்ட் தலைக்கு அடியிலும் ரப்பர் வாஷர் போடாவிட்டால் அதிர்வு போல்ட் வழியாகவே சுவருக்குள் போய்விடும். மண்ணடி ஹார்டுவேர் கடைகளில் இவை கிடைக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில் ஆங்கர் போல்ட் பிடி கொடுக்காது. சுவரின் மறுபக்கம் தகடு வைத்து ஊடுபோல்ட் போடுவதே நல்லது. ஷட்டரின் முழு எடையும் அங்கே தொங்குவதால் இந்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே கொடுங்கள். ஸ்பிரிங் உள்ள ஷட்டராக இருந்தால் அந்த ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்; முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கையை உடைத்துவிடும்.

மூடும்போது தரையில் விழும் தடால் சத்தத்திற்கு, ஷட்டர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்லும் லிமிட் சுவிட்சைச் சரிசெய்ய வேண்டும். அடிச்சட்டத்தில் ரப்பர் பட்டை பொருத்தி, அந்த ரப்பர் தரையைத் தொட்டு லேசாக அமுங்கும் இடத்திலேயே மோட்டார் நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். மேலே உருளையை மூடியிருக்கும் தகரப் பெட்டி படபடத்தால், அதன் விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டினால் போதும்.

கடலுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், சேனலைத் துடைத்து ஸ்பிரே அடிப்பதை நாங்கள் 2 மாதங்களுக்கு ஒருமுறை செய்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றாலோ, நிறுத்திய ஷட்டர் தானாகக் கீழே நழுவினாலோ, அது பிரேக் அல்லது கியர் கோளாறாக இருக்கலாம். மெக்கானிக் வரும்வரை அதன் கீழே யாரையும் நிற்கவிடாதீர்கள், ரிமோட்டையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள்.