டீசல் பம்ப் திரும்பத் திரும்பப் போகிறதா?

பிக்கப் வண்டியில் புதுப் பம்ப் மாட்டும் முன், ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். மினுமினுக்கும் துகள் தெரிந்தால் பழைய பம்ப் தேய்ந்து உதிர்ந்தது என்று சந்தேகப்படலாம்.

உயர் அழுத்த பம்புக்கு டீசலேதான் மசகு. தண்ணீர் கலந்தால் அந்த வழுவழுப்பு போய்விடும். துகளோ லைனிலும் டேங்கிலும் தங்கி, புதுப் பம்பையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரையும் சேர்த்தே கெடுக்கும். மெக்கானிக் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, லைனையும் டேங்கையும் கழுவாமல் பம்பை மட்டும் மாற்றாதீர்கள்.

டீசல் தெளிவாக இருந்தும் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் மட்டும் போகிறதென்றால் இந்தச் சோதனை உதவாது. அப்போது பம்ப் ஓடும்போதே கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட நன்றாகக் குறைந்தால் கோளாறு வயரிங், ரிலே, எர்த் பக்கம்.