மனத்திறன் தாளில் மகள் தடுமாறியபோது

ஏற்காட்டில் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்த என் மகள், ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகள் மாதம் 1,000 ரூபாய் தரும் என்எம்எம்எஸ் (தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகை) தேர்வுக்குத் தயாரானபோது, பாடத் தாளை நன்றாக எழுதியும் மனத்திறன் தாளில் 90-க்கு 31-ஐத் தாண்டவில்லை. தேர்ச்சி மட்டும் போதாது, ஒதுக்கப்பட்ட உதவித்தொகைகளின் எண்ணிக்கைக்குள்ளும் வரவேண்டும் என்பதால் எனக்குத் தூக்கம் போயிற்று.

அவள் எழுதிப் பார்த்த தாளைப் புரட்டியபோதுதான் காரணம் பிடிபட்டது: ஓர் எண் தொடர் வினாவின் ஓரம் முழுக்க நான்கு முறை எழுதி அழித்த பென்சில் தடம் இருந்தது, கடைசி இருபது வினாக்களை அவள் தொடவே இல்லை. 90 நிமிடத்தில் 90 வினா. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. ஆகவே ஒரு நிமிடத்தில் புலப்படாததை வட்டமிட்டுத் தாண்டவும், முடிவில் எதையும் வெற்றாக விடாதிருக்கவும், மிளகு காயும் முற்றத்தில் கடிகாரத்துடன் அமர்ந்து தினமும் பழக்கினேன். ஆறாவது வாரம் 52 எடுத்தாள். தேர்வானோர் பட்டியலிலும் அவள் பதிவெண் இருந்தது.